அரை நிமிஷத்தின் விலை

உலாவியில் தேடுபொறியை மாற்ற எவ்வளவு நேரம் பிடிக்கும்? அமைப்புகளுக்குள் போய் வேறொரு பெயரைத் தொட்டால் முடிந்தது. அரை நிமிஷ வேலை. அதைக்கூட நாம் செய்ய மாட்டோம் என்ற நம்பிக்கையில்தான், முதலிலேயே தன் தேடலை வைத்துத் தரும்படி கூகுள் 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்தது. ஆப்பிள், சாம்சங், ஃபயர்ஃபாக்ஸ் உலாவியைத் தரும் மொஸில்லா எல்லாரும் வாங்கியவர்கள் வரிசையில் உண்டு.

ஆனால் ஜனங்கள் மாற்றியும் இருக்கிறார்கள். 2014 நவம்பரில் மொஸில்லா, பத்து வருஷ உறவை விட்டு, அமெரிக்காவில் ஃபயர்ஃபாக்ஸின் தேடலை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் யாஹூவுக்குக் கொடுத்தது. (யாஹூ காட்டிய முடிவுகளில் பெரும்பகுதி மைக்ரோசாஃப்டின் பிங்கிலிருந்து வந்தவை. அது தனி வேடிக்கை.) முதலில் யாஹூவின் பங்கு சட்டென ஏறியது. பிறகு ஒவ்வொருவராகப் போய் கூகுளையே வைத்துக்கொண்டார்கள். 2017 நவம்பரில், ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே, மொஸில்லாவும் திரும்பியது.

பிடிக்கலேன்னா மாத்திக்கிறாங்களே, அப்புறம் எங்கே ஏகபோகம்? வாஷிங்டன் வழக்கில் கூகுள் தரப்பு கேட்டதன் சாரம் இதுதான். எனக்கு அந்த முதல் ஏற்றம்தான் முக்கியமாகப் படுகிறது. அத்தனை பேர் ஒரே நாளில் யாஹூவை விரும்பிவிடவில்லையே!

2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். 2025 செப்டம்பரில், பிறரை அடைத்துவிடும் ஒப்பந்தங்களைத் தடைசெய்தார். பணம் கொடுப்பதைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் மொஸில்லாவின் வருமானத்தில் பெரும்பங்கு போயிருக்கும்.