யன்னல் கண்ணாடியும் பழைய ஓலையும்



குரூருட் பள்ளத்தாக்கில் நாங்கள் குடியேறிய அடுக்குமாடி வீட்டின் பல்கனியில், 1999 ஆம் ஆண்டு கோடையில் பதினொரு பாத்திரங்கள் வரிசையாக இருந்தன. நெய் ரின்னில் வெந்தயம், அடிப்பிடித்து ஒதுக்கிய அலுமினியச் சட்டியில் கீரை, ஊறுகாய் வாளியில் மிளகாய்க் கன்றுகள். ஒருநாள் மகன் பாடசாலையால் வந்து, "அப்பா, என்ர சிநேகிதர் வருகினம். இதுகளை உள்ளுக்கு எடுங்கோ, குப்பை மாதிரிக் கிடக்கு" என்றான். நான் ஒன்றும் பேசாமல் எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்தேன். வந்த நாட்டில் எங்களை ஏழைகள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் எனக்கும் இருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டு நோர்வேஜிய அம்மா, "உங்கள் தோட்டம் எங்கே போய்விட்டது?" என்று கேட்டார். விடயத்தைச் சொன்னேன். சிரித்துவிட்டுத் தன் களஞ்சிய அறைக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பழைய துத்தநாகத் தொட்டியைக் காட்டினார். அவருடைய தாயார் உடுப்புத் தோய்த்த தொட்டி அது. யுத்த காலத்தில் அதற்குள் மண் நிரப்பிக் கரட் போட்டார்களாம். அன்று அவர் சொன்ன கதைதான் இந்த நகரத்தின் வரலாற்றை என்னைத் தேட வைத்தது.

ஒஸ்லோ இன்று செல்வந்த நகரம். நூறு வருடங்களுக்கு முன்னர் இங்குள்ள தொழிலாளர் குடும்பங்கள் ஒன்றிரண்டு அறைகளுக்குள் நெருங்கி வாழ்ந்தன. அவர்களுக்குக் கொஞ்சம் நிலமும் காற்றும் கிடைக்க வேண்டும் என்று தொடங்கியவைதான் 'கொலோனிஹாகே' என்னும் சிறு தோட்டக் குடியிருப்புகள். நோர்வேயின் மிகப் பழைய கொலோனிஹாகேயான ரோடெலொக்கா 1907 இல் உருவானது. நகரத்துப் பிள்ளைகள் மண்ணைத் தொட்டுப் பயிர் செய்யப் பழகும் யெய்ட்மிரா பாடசாலைத் தோட்டம் 1909 இல் தொடங்கியது.

பின்னர் 1940 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜேர்மன் படைகள் நோர்வேக்குள் நுழைந்தன. 1945 மே 8 வரை ஆக்கிரமிப்பு நீடித்தது. உணவுக்குப் பங்கீட்டு அட்டை வந்தது. பூங்காக்களிலும் வீட்டு முற்றங்களிலும் உருளைக்கிழங்கு நட்டார்கள். வசதியான வீட்டுக்காரரும் வளவுக்குள் பன்றி வளர்த்தார்கள். சமையலறைக் கழிவுதான் அதற்குத் தீனி. யுத்தம் முடிந்தும் தட்டுப்பாடு உடனே நீங்கவில்லை. தனியார் கார் வாங்குவதற்கான கட்டுப்பாடு 1960 வரை இருந்தது. ஒரு சாமானை எறிய முன்னர் இரண்டு தரம் யோசிக்கும் பழக்கம் அந்தத் தலைமுறையிடம் அப்படித்தான் ஊறியது.

அந்த அம்மா காட்டித் தந்த இன்னொன்று 'டிரிவ்பெங்க்'. நாலு பலகையால் ஒரு பெட்டி அடித்து, கழற்றிய பழைய யன்னலை மேலே சாய்வாக வைப்பார்கள். கண்ணாடி தெற்கே பார்த்துச் சரிந்திருக்க வேண்டும். ஏப்ரல் வெயில் உள்ளே சூட்டைப் பிடித்து வைக்கும். வெளியே உறைபனி இருக்கும்போதே உள்ளே நாற்று முளைக்கும். மே 17 கொண்டாட்டம் முடிந்த பிறகு கன்றுகளை வெளியே நடலாம்.

இதைக் கேட்டபோது எனக்கு ஊர் நினைவு வந்தது. எங்கள் வீட்டுக் கூரையும் வேலியும் பனையோலைதான். புதிதாக வேயும்போது கழற்றிய பழைய ஓலையை ஐயா எரிக்க விடமாட்டார். அது தோட்டத்துக்குப் போகும். மண்ணுக்குள் தாட்டால் உக்கிப் பசளையாகும். யாழ்ப்பாணத்துப் புகையிலைத் தோட்டங்கள் நெடுங்காலம் அப்படித்தான் ஊட்டம் பெற்றன. தேங்காய் உரிமட்டையைக் குழிக்குள் அடுக்கித் தென்னைக்கு ஈரம் காத்தோம். ஓட்டை விழுந்த வாளியும் முட்டியும் நாற்றுமேடையாகின.

1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது யூரியா இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, பற்றரி இல்லை. ஜாம் போத்தலில் விளக்குச் செய்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். தோட்டத்துக்குத் திரும்பவும் சாணமும் ஓலையும் குழையும்தான். பால்மாப் பேணிகளில் மிளகாய் நாற்றுப் போட்ட அம்மாவை யாரும் ஏழை என்று சொல்லவில்லை, கெட்டிக்காரி என்றார்கள். அதே வேலையை ஒஸ்லோவில் செய்த நான்தான் வெட்கப்பட்டு ஒளித்து வைத்தேன்.

இப்போது செய்ய விரும்பும் நேயர்களுக்குச் சில விடயங்கள். வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் பாடசாலை வாத்தியக் குழுக்கள் நடத்தும் 'லொப்பெமார்க்கெட்' பழைய சாமான் சந்தைகளில் தொட்டியும் வாளியும் மலிவாகக் கிடைக்கும். எந்தப் பாத்திரமானாலும் அடியில் துளையிடுங்கள், இல்லாவிட்டால் வேர் அழுகிவிடும். மண்சட்டியை மாரியில் வெளியே விட்டால் உறைபனியில் வெடிக்கும். பழைய யன்னலில் கவனம் தேவை. பழைய பெயின்றில் ஈயம் இருக்கலாம். உரஞ்சித் தூசியாக்க வேண்டாம். 1965 முதல் 1975 வரை இங்கே செய்த இரட்டைக் கண்ணாடி யன்னல்களின் ஒட்டுப்பசையில் பிசிபி என்ற நச்சு இருக்கலாம். அவற்றைத் தோட்டத்துக்கு எடுக்காமல் ஹரால்ட்ரூட் போன்ற மீள்பாவனை நிலையத்தில் ஒப்படையுங்கள். ரயில் தண்டவாளத்தின் பழைய மரக்கட்டைகளையும் தவிருங்கள். அவற்றில் தார் எண்ணெய் ஊறியிருக்கும்.

அந்த அம்மா முதியோர் இல்லத்துக்குப் போனபோது தொட்டியை எங்களிடம் தந்துவிட்டுப் போனார். அவர் சொன்ன கதைகளும் என்னிடம் இருக்கின்றன. ஆனால் என் அம்மா எந்த மாதத்தில் எந்தப் பேணியில் என்ன விதை போட்டார், பூச்சி வந்தால் என்ன செய்தார் என்று நான் கேட்டு வைக்கவில்லை. இனிக் கேட்க அவர் இல்லை.

உங்கள் வீட்டில் அம்மம்மாவோ அப்பப்பாவோ இருந்தால், இந்தக் கிழமை பிள்ளைகளைப் பக்கத்தில் இருத்தி அவர்களிடம் கேளுங்கள். ஒலிப்பதிவு செய்து எங்கள் நிலையத்துக்கும் தாருங்கள். வானலையில் எல்லோரும் கேட்போம்.