படர்தாமரையும் மருந்தும்

படர்தாமரை உயிரைக் கொல்லும் நோயன்று. எனினும் உறக்கத்தையும் மன அமைதியையும் ஒருங்கே கெடுப்பது. தோலின் மேற்படையைப் பற்றி வாழும் பங்கசு என்னும் பூஞ்சணமே அதற்குக் காரணம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில், தலையில் இந்நோய் கண்ட சிறுவர்க்கு எக்ஸ் கதிர் பாய்ச்சி மயிரை உதிர்ப்பித்தனர். நோய் நீங்கிற்று, ஆனால் அவருட் சிலர் பிற்காலத்திற் புற்றுநோய்க்கு ஆளாயினர். 1939ஆம் ஆண்டில் இலண்டனில், ஒருவகைப் பூஞ்சணத்திலிருந்தே கிரிசியோபல்வின் என்னும் மருந்துப்பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதனை உண்பித்தால் படர்தாமரை குணமாகும் என்பதை ஜென்டில்ஸ் என்பார் 1958இல் கினிப்பன்றிகளிற் காட்டினார். முள்ளை முள்ளால் எடுத்தது போலாயிற்று.

1990களில் டெர்பினபின் வந்தது. பூஞ்சணக் கலத்தின் மென்சவ்வுக்கு வேண்டிய கொழுப்புப்பொருள் உருவாகாதபடி அது தடுத்தது. இனிக் கவலையில்லை என்றே பலரும் கருதினர்.

ஆயின் இந்தியாவில் ஸ்டீரொயிட் கலந்த களிம்புகளை மருத்துவரைக் கேளாமலே வாங்கிப் பூசும் வழக்கம் பெருகிற்று. அக்களிம்பு அரிப்பை அடக்கும். உடலின் எதிர்ப்பையும் அடக்கும். பூஞ்சணமோ உள்ளே செழிக்கும். டெர்பினபினுக்கு எளிதில் அடங்காத இனமொன்று பரவ இதுவும் ஏதுவாயிற்று என்பர் அறிஞர். 2020இல் யப்பானிய ஆய்வாளர் அதற்கு டிரைக்கோபைட்டன் இன்டோடினியே எனப் பெயரிட்டனர்.

அதற்கு இன்று பெரும்பாலும் இட்ராகொனசோல் கொடுக்கப்படுகிறது. வாரக்கணக்கிலும், சிலர்க்கு மாதக்கணக்கிலும் உண்ண வேண்டும். ஆதலால், நேயர்களே, சிவப்பு மறைந்தவுடன் நோயும் மறைந்ததென்று எண்ணி மருந்தை நிறுத்தற்க. மருத்துவர் சொன்ன நாள்வரை உண்பதே நமக்கும் நம் அயலார்க்கும் காவலாகும்.