சட்டத்தின் இடைவெளியை அறிந்தவர்: தாடியஸ் ஸ்டீவன்ஸ்

1821இல் பென்சில்வேனியா உச்ச நீதிமன்றத்துக்குச் சாரிட்டி பட்லர் என்ற கறுப்பினப் பெண்ணின் வழக்கு வந்தது. வெளி மாநிலத்திலிருந்து கூட்டிவரப்படும் அடிமை, பென்சில்வேனியாவில் ஆறு மாதம் வைத்திருக்கப்பட்டால் விடுதலை பெறுவார் என்றது 1780ஆம் ஆண்டுச் சட்டம். சாரிட்டி அங்கே பலமுறை வந்து தங்கியவர். அந்த நாட்களைக் கூட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவர் தரப்பு வாதம். ஆறு மாதமும் இடைவிடாமல் தங்கியிருக்க வேண்டும் என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். நீதிமன்றம் எதிர்த்தரப்பின் பக்கம் சாய்ந்தது. சாரிட்டியின் விடுதலை பறிபோயிற்று.

வென்ற வழக்கறிஞர் தாடியஸ் ஸ்டீவன்ஸ். 45 ஆண்டுகள் கழித்து, கறுப்பின மக்களின் குடியுரிமையை அமெரிக்க அரசியல் சட்டத்தில் ஏற்றிய 14ஆவது திருத்தத்தைப் பிரதிநிதிகள் சபையில் முன்னின்று நடத்திக் கொடுத்தவரும் அவரே. இந்த இரண்டு ஸ்டீவன்ஸ்களையும் இணைப்பது அவருடைய வக்கீல் மூளை. ஒரு சட்டம் எந்தச் சொல்லில் எதிரிக்கு இடம் கொடுக்கிறது என்பதை அவர் நன்றாக அறிந்திருந்தார்.

1792இல் வெர்மான்ட் மாநிலத்தின் டான்வில் ஊரில் பிறந்தவர். பிறவியிலேயே கோணல் பாதம். தந்தை குடும்பத்தைக் கைவிட்டுப் போக, தாய் சாராதான் பாடுபட்டுப் படிக்க வைத்தார். டார்ட்மத் கல்லூரியில் 1814இல் பட்டம் பெற்று, 1816இல் கெட்டிஸ்பர்க்கில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார்.

1833இல் பென்சில்வேனியா சட்டசபைக்குத் தேர்வானார். 1834இல் வந்த இலவசப் பள்ளிச் சட்டத்தை, வரிச்சுமைக்கு அஞ்சிய மக்களின் எதிர்ப்பால் 1835இல் ரத்து செய்யும் முயற்சி எழுந்தது. மேலவை ரத்துக்கு இசைந்தும் விட்டது. ஏப்ரல் 11 அன்று ஸ்டீவன்ஸ் ஆற்றிய உரைக்குப் பின் கீழவை மனம் மாறியது, சட்டம் பிழைத்தது. 1837–38இல் மாநில அரசியல் சட்டத்தைத் திருத்த மாநாடு கூடியபோது அவரும் உறுப்பினர். புதிய வரைவு கறுப்பின ஆண்களின் வாக்குரிமையைப் பறித்ததால் கையெழுத்திட மறுத்தார்.

1842இல் லங்காஸ்டருக்குக் குடிபெயர்ந்தார். அருகிலுள்ள கிறிஸ்டியானாவில் 1851 செப்டம்பரில், தப்பிவந்த அடிமைகளைப் பிடிக்க வந்த மேரிலாந்து பண்ணையார் எட்வர்ட் கோர்சச் மோதலில் கொல்லப்பட்டார். பிடிப்பவர்களுக்கு உதவ மறுத்த காஸ்ட்னர் ஹான்வே உள்பட 38 பேர் மீது தேசத்துரோகக் குற்றச்சாட்டு. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் குழுவில் ஸ்டீவன்ஸ் இருந்தார். நாட்டின் மீது போர் தொடுத்தார்கள் என்பதே அந்தக் குற்றச்சாட்டு. உதவ மறுப்பது போர் ஆகுமா? நடுவர் குழு சில நிமிடங்களிலேயே ஹான்வேயை விடுவித்தது. 1821இல் சட்டச் சொல்லை அடிமை உரிமையாளருக்காக இறுக்கிப் பிடித்தவர், இம்முறை அதே முறையை மறுதரப்புக்குப் பயன்படுத்தினார்.

உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிரதிநிதிகள் சபையின் நிதிக் குழுத் தலைவராக, 1862இல் 15 கோடி டாலர் காகிதப் பணம் வெளியிடும் சட்டத்தை நிறைவேற்ற உதவினார். ஆனால் அவருடைய உண்மையான களம் போர் முடிந்த பிறகே திறந்தது.

1865இல் 13ஆவது திருத்தம் அடிமைமுறையை ஒழித்தது. தென் மாநிலங்கள் உடனே வேறு வழி தேடின. வேலையின்றித் திரிவதே குற்றம் என்பது போன்ற விதிகளால் விடுதலை பெற்றவர்களைக் கட்டாய உழைப்புக்குள் தள்ளின. இன்னொரு விபரீதமும் நேர்ந்தது. பிரதிநிதிகள் சபை இடங்களைப் பிரிக்கும்போது முன்பு ஐந்தில் மூன்று பங்காக மட்டுமே கணக்கிடப்பட்ட அடிமைகள் இனி முழுமையாகக் கணக்கில் வருவார்கள். வாக்குரிமை கொடுக்காமலேயே தென்பகுதிக்குக் கூடுதல் இடங்கள் கிடைத்துவிடும்.

ஸ்டீவன்ஸ் முதலில் வாசலை அடைத்தார். 1865 டிசம்பர் 4 அன்று சபை கூடியபோது, அவருக்கு நெருக்கமான செயலர் எட்வர்ட் மெக்பெர்சன் தென் மாநில உறுப்பினர்களின் பெயர்களை வாசிக்காமல் விட்டார். அவர்களால் சபைக்குள் அமர முடியவில்லை. அடுத்து வந்த 14ஆவது திருத்தத்தின் முதல் பிரிவில் பெரும்பகுதியை எழுதியவர் ஜான் பிங்காம். சபையில் அதைக் கொண்டு சென்றவர் ஸ்டீவன்ஸ். வாக்குரிமையை நேரடியாக வழங்காத அந்த வரைவு தாம் விரும்பியது அல்ல என்று வெளிப்படையாகவே சொன்னார். கிடைத்ததை விடக்கூடாது என்று 1866 ஜூன் 13 அன்று ஆதரவு திரட்டினார். 120க்கு 32 என்ற வாக்குகளில் அது நிறைவேறியது.

அவர் தோற்ற இடங்களும் உண்டு. பெரும் பண்ணையார்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து, விடுதலை பெற்ற ஒவ்வொரு வயதுவந்த ஆணுக்கும் 40 ஏக்கர் தர வேண்டும் என்று 1865 செப்டம்பரில் லங்காஸ்டரில் முழங்கினார். சொந்தக் கட்சியே துணை நிற்கவில்லை. 1868இல் அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனைப் பதவி நீக்கும் விசாரணைக்கு, நடக்க முடியாத நிலையில் நாற்காலியில் தூக்கி வரப்பட்டார். செனட்டில் 35க்கு 19; பதவி நீக்கத்துக்குத் தேவையான பெரும்பான்மைக்கு ஒரே ஒரு வாக்கு குறைந்தது.

14ஆவது திருத்தம் மாநிலங்களின் ஒப்புதலைப் பெற்ற சில வாரங்களில், 1868 ஆகஸ்ட் 11 அன்று அவர் இறந்தார். நிறம் பார்த்து இடம் ஒதுக்கும் மயானங்களை மறுத்து, எல்லோரையும் ஏற்ற லங்காஸ்டர் மயானத்தைத் தாமே தேர்ந்திருந்தார்.

நிலம் இல்லாத விடுதலை தென்பகுதிக் கறுப்பின மக்களைக் குத்தகைக் கடனில் ஆழ்த்தியது. நிலம் தர வேண்டும் என்று முழங்கிய ஸ்டீவன்ஸின் கணிப்பு சரியாயிற்று. அவர் அரைமனதோடு ஏற்ற 14ஆவது திருத்தமோ, பள்ளிகளில் இனப்பிரிவினையை 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சட்டவிரோதமாக்கியபோது அந்தத் தீர்ப்புக்கு அடிப்படையாக நின்றது.