நெறிமுறைக்குள் கரைந்த பெயர்: நா. கோவிந்தசாமியை முன்வைத்து இணைய ஆளுகைத் தொண்டும் நினைவேந்தலும்

ஆரணியில் நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கணக்கை எழுதும் ஒருவர் தமிழ்99 விசைப்பலகையில் 'பட்டு' என்று அடிக்க ப, ட, ட, உ என நான்கு விசைகள் போதும். ஒரே மெய் அடுத்தடுத்து வந்தால் முன்னதற்குப் புள்ளி தானாக விழும். 'சங்கம்' என்பதில் ங-வை அடுத்துக் க வரும்போதும் அப்படியே. இந்த விசைப்பலகை 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம்99 மாநாட்டில் முடிவானது. தமிழ்நாடு அரசு அதே ஆண்டு ஜூனில் ஆணை பிறப்பித்தது. இரண்டுக்கும் இடையில், மே 26 அன்று, இந்த முடிவுக்கு இட்டுச்சென்ற பேச்சைத் தொடங்கிவைத்த நா. கோவிந்தசாமி சிங்கப்பூரில் காலமானார். அப்போது அவருக்கு வயது 53.

விசைப்பலகையைப் பயன்படுத்துவோரில் மிகப் பலர் அவர் பெயரைக் கேட்டதில்லை. இதை நன்றி மறந்த செயல் என்று கடிந்துகொள்வது எளிது. ஆனால் காரணம் வேறு. பொது நெறிமுறைக்காக உழைப்பவரின் உழைப்பு, வெற்றி பெறும்போது அந்த நெறிமுறைக்குள் கரைந்துவிடும் இயல்புடையது. ஆகவே இத்தகையோருக்குரிய நினைவேந்தல் படத்திறப்பிலும் பெயர் சூட்டலிலும் நின்றுவிடலாகாது. முடிவுகள் எப்படி, எந்த வாதங்களால் எட்டப்பட்டன என்ற ஆவணத்தைக் காப்பதே அதன் முதற்கடமை என்பது இக்கட்டுரையின் வாதம்.

கோவிந்தசாமி சிறுகதை எழுத்தாளர். சிங்கப்பூர் இலக்கியக் களத்தைத் தோற்றுவித்தவர். தேசியக் கல்விக் கழகத்தில் ஆசிரியப் பணியாற்றியவர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ குழுவினருடன் சேர்ந்து 1995இல் சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளில் இணையத்தில் ஏற்றியபோது தமிழ்ப் பகுதி அவர் முயற்சியால் அமைந்தது. இணையத்தில் தமிழ் எழுத்து காணப்பட்ட முதல் நிகழ்வுகளுள் அது ஒன்று. கணியன் என்ற மென்பொருளும் விசைப்பலகையும் அவருடையவை. ஆயினும் அவரது பெரும்பணி என்று நான் கருதுவது 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் அவர் முன்னின்று கூட்டிய தமிழ் இணைய மாநாட்டையே. அன்று ஒவ்வொரு எழுத்துருவும் தனித்தனிக் குறியாக்கம். ஒருவர் அனுப்பிய மடல் மற்றவர் திரையில் பொருளற்ற குறிகளாக விரியும். தம் மென்பொருளே தரமாக வேண்டும் என்று ஒவ்வொருவரும் நினைத்த காலத்தில், பல நாட்டுத் தமிழரை ஒரே மேசையில் அமர்த்திப் பேசவைத்தார். அந்தப் பேச்சு சென்னை மாநாட்டில் தொடர்ந்தது. 2000இல் உத்தமம் என்ற உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாக நிலைபெற்றது. அரசுகள், நிறுவனங்கள், ஆய்வாளர்கள், பயனர்கள் ஆகியோர் கலந்து விதி வகுப்பதுதான் இணைய ஆளுகை என்றால், தமிழுக்கு அது தொடங்கிய இடம் அந்த மேசை.

உலக இணையச் சமூகம் தன் முன்னோடி ஒருவரை இழந்தபோது என்ன செய்தது? இணையத்தின் எண்களையும் பெயர்களையும் பல ஆண்டுகள் பேணிய ஜான் போஸ்டல் 1998 அக்டோபர் 16 அன்று மறைந்தார். வின்ட் செர்ஃப் எழுதிய இரங்கலுரை, இணைய நெறிமுறைகள் வெளியாகும் அதே ஆர்.எஃப்.சி. ஆவண வரிசையில் 2468ஆம் எண்ணுடன் இடம்பெற்றது. நெறிமுறையைத் தேடிப் போகிறவர் அதை வகுத்தவரையும் அங்கேயே காண்கிறார். இணையச் சங்கம் 1999 முதல் போஸ்டல் பெயரில் விருதும் வழங்குகிறது. போஸ்டல் ஊதியம் பெற்ற ஆய்வாளர், தொண்டர் அல்லர் என்ற வேறுபாடு உண்மையே. என்றாலும் விருதைவிட அந்த 2468ஆம் ஆவணமே நமக்கு முன்மாதிரி.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. நெறிமுறை கூட்டு உழைப்பு. அதில் ஒருவர் பெயரை உயர்த்துவது மற்றவருக்கு இழைக்கும் அநீதி. ஆரணிப் பட்டுக்குக் கிடைத்திருக்கும் புவிசார் குறியீட்டை இம்மறுப்புக்குச் சான்றாகக் காட்டலாம். 1999ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அது ஊருக்கும் அங்கு உற்பத்தி செய்வோர் அனைவருக்கும் உரியது. எந்தத் தனி நெசவாளருக்கும் அது தனியுடைமை ஆகாது. மறுப்பின் நியாயத்தை ஏற்கிறேன். ஆனால் நான் கேட்பது உரிமைப்பட்டயம் அன்று, காரணப் பதிவு.

அந்தப் பதிவு ஏன் வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டு: பட்டு மாளிகைகளின் பெயர்ப் பலகையில் 'ஸ்ரீ' முன்னிற்பது வழக்கம். ஒருங்குறியில் (யூனிகோடு) இவ்வெழுத்து ஸ-வில் தொடங்கியும் அமையும். 2005இல் சேர்க்கப்பட்ட ஶ-வில் தொடங்கியும் அமையும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு இரண்டும் வேறு. கடை ஒரு வடிவில் இணையப் பெயரைப் பதிந்தால் மற்ற வடிவில் இன்னொருவர் பதிந்து வாடிக்கையாளரை ஏமாற்ற முடியும். 'ஔ' என்ற ஓரெழுத்துக்கும் 'ஒள' என்ற ஈரெழுத்துக்கும் இதே சிக்கல். இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பின் கீழ் இயங்கிய நவபிராமி எழுத்துக்குழு, உச்சநிலை இணையப் பெயர்களுக்காக 2019இல் அளித்த தமிழ் விதிகளில் இவற்றை ஒன்றுக்கொன்று மாற்றுருக்கள் என வரையறுத்தது. அந்தக் குழுவுக்கு உழைத்தவர்களும் தன்னார்வலர்களே. விதி மட்டும் எஞ்சி, அதன் காரணம் மறைந்துபோனால், அடுத்த தலைமுறை தீர்ந்த சிக்கலை மீண்டும் தொடக்கத்திலிருந்து வாதிடும். பொருள் புரியாமல் விதியைத் தளர்த்தவும் கூடும். அந்த இழப்பைச் சுமக்கப்போவது ஆரணிக் கடைக்காரரும் அவரை நம்பிப் பணம் அனுப்பியவரும்தான்.

நம்மிடம் நன்றியுணர்வுக்குக் குறைவில்லை. எழுத்துரு நிறுவாத கணினியிலும் தமிழ்ப் பக்கங்கள் தெரிவதற்காகத் தேனீ இயங்கு எழுத்துருவை உருவாக்கி இலவசமாக அளித்த அதிராம்பட்டினத்து உமர்தம்பி 2006இல் மறைந்தார். 2010 கோவை இணைய மாநாட்டில் அரங்கு ஒன்றுக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. மனம் நிறைந்த செயல். மாநாடு முடிந்தால் அரங்கு கலைந்துவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கோவிந்தசாமியின் கணியன் குறியாக்கம் இன்று வழக்கில் இல்லை. ஒருங்குறி வந்து இணையத்தில் பழைய குறியாக்கங்களைப் பெரும்பாலும் விலக்கிவிட்டது. ஆகவே அவர் ஆக்கிய பொருளை வைத்து அவரை மதிப்பிடுவது பிழை. அவர் எந்த இடத்தில் வாதாடினார், எதை விட்டுக்கொடுத்தார், யாருடைய தடையை எப்படி எதிர்கொண்டார் என்பவையே அவரது பங்களிப்பு. இவை 1995க்கும் 1999க்கும் இடையிலான மடல்களிலும் கூட்டக் குறிப்புகளிலும் தள்ளப்பட்ட வரைவுகளிலும் கிடக்கின்றன. அந்த மேசையைச் சுற்றி அமர்ந்தவர்களும் ஒவ்வொருவராய் விடைபெறுகிறார்கள். தமிழிணையம்99இல் முதன்மைப் பங்காற்றிய மு. ஆனந்தகிருஷ்ணன் 2021 மே மாதம் மறைந்தார். அக்கால ஆவணங்களை வைத்திருப்போர், முழுமையற்றவை என்று தயங்காமல், அவற்றை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திடமோ தமிழ் இணையக் கல்விக்கழகத்திடமோ ஒப்படைக்க வேண்டும். உத்தமம் இதை முன்னின்று திரட்ட வேண்டும்.