ஆயிரம் மணி நேரச் சோதனை



பால்மரத்தில் புது ரகம் கண்டால் உடனே தோட்டம் முழுவதும் நடுவதில்லை. 1925இல் நிறுவப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகம், புது ரகங்களைச் சோதனை நிலத்தில் நட்டு, ஆண்டுக்கணக்கில் பாலை அளந்து, காற்றுக்கும் நோய்க்கும் தாங்குமா என்று பார்த்தே பரிந்துரைத்தது. மின்னணுச் சில்லுக்கும் அதே கதைதான்.

1972இல் இண்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பினாங்கில் அமைத்தது. பின்னர் இத்தொழில் கடலைத் தாண்டி நம் கெடாவுக்கும் வந்தது. 1996இல் கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா திறக்கப்பட்டது. 2006இல் இன்ஃபினியோன் அங்கே ஆலை திறந்தது. 2024 ஆகஸ்டில் சிலிக்கன் கார்பைடு சில்லுகளுக்கான புதிய ஆலையையும் திறந்தது. மின்சாரக் கார்களில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துபவை இவை.

ஓடும் காரில் சில்லு பழுதானால் உயிருக்கே ஆபத்தல்லவா? ஆகவே புதுவகைச் சில்லுகளை விற்குமுன் வாட்டிப் பார்க்கிறார்கள். 125 பாகை செல்சியஸ் அல்லது அதற்கும் கூடுதலான வெப்பத்தில், மின்சாரம் கொடுத்து 1,000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 42 நாள் வைப்பார்கள். 85 பாகை வெப்பமும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள பெட்டியில் வைப்பது இன்னொரு சோதனை. பல்லாண்டுத் தேய்மானத்தைச் சில வாரங்களில் வரவழைப்பதே நோக்கம். கார்ச் சில்லுகளுக்கு விதி கடுமையானது: இத்தகைய சோதனையில் தொகுதிக்கு 77 வீதம் மூன்று தொகுதிகள், 231இல் ஒன்றுகூடத் தவறக் கூடாது. தவறினால் காரணம் கண்டு, திருத்தி, மீண்டும் சோதிக்க வேண்டும்.

பால் நிறுக்குமிடத்தில் சரியான எடை எழுதப்பட வேண்டுமென்று நம் பெற்றோர் காத்து நின்றார்கள். இன்று ஆலைக்குச் செல்லும் நம் பிள்ளைகள் கையில் அந்தப் பேனா இருக்கிறது. பழுதைப் பழுதென்றே எழுதும் நேர்மை, முகமறியாத ஒருவரின் உயிரைக் காக்கும்.