அர்பத்நாட் போட்ட வேஷம்

அந்தக் காலத்துச் சென்னையில் பணத்தைப் பத்திரமாகப் போட்டு வைக்க அர்பத்நாட் கம்பெனி என்றால் மறுபேச்சு இல்லை. வெள்ளைக்காரர் நிறுவனம், நூறாண்டுப் பெயர். உள்ளே பல வருஷமாகவே நஷ்டம். ஆனால் வெளியே பகட்டுக்குக் குறைவில்லை. டெபாசிட்டும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

1906 அக்டோபர் 22-ல் வேஷம் கலைந்தது. ஆயிரக்கணக்கானோரின் சேமிப்பு மூழ்கியது. 'சர்' பட்டம் பெற்ற ஜார்ஜ் அர்பத்நாட்டுக்கு 18 மாதம் கடுங்காவல். அந்தப் பாடத்தில்தான் மயிலாப்பூர் வக்கீல் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலானோர் முயன்று, 1907 ஆகஸ்ட் 15-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள்.

குமாஸ்தா உத்தியோகத்தில் நானும் மாதக் கடைசியில் கடன் வாங்கி, விருந்தாளிக்கு டிகிரி காபி கொடுத்து மிடுக்காக நின்றவன்தான். ஆனால் அதில் நஷ்டம் எனக்கு மட்டும். ஊரார் பணத்தில் போடும் வேஷம் வேறு ரகம்.