யார் உடலுக்கு அளவெடுத்த சைக்கிள்?

சைக்கிளைப் பற்றித் தமிழில் உள்ள மிக நேர்மையான சொல் 'குரங்குப் பெடல்'. சீட்டில் உட்கார்ந்தால் கால் எட்டாத குழந்தை, நடுவிலிருக்கும் பாருக்குக் கீழே ஒரு காலை நுழைத்து, உடம்பை ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு, அரைவட்டம் அரைவட்டமாக மிதித்துப் போகும். அப்பாவின் சைக்கிளையும் மாமாவின் சைக்கிளையும் வாடகைக் கடைச் சைக்கிளையும் தலைமுறை தலைமுறையாக நாம் அப்படித்தான் ஓட்டிப் பழகினோம். வண்டி நம் உடலுக்காகச் செய்யப்பட்டதல்ல, உடலைத்தான் வண்டிக்கேற்ப வளைத்துக்கொள்ள வேண்டும் என்பதை அந்தச் சொல் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது.

பையன்கள் வளர்ந்து சீட்டுக்கு ஏறினார்கள். பெண் பிள்ளைகள் பலருக்கு வயதுக்கு வந்ததும் சைக்கிளே நின்றுபோனது. நிறுத்தாமல் ஓட்டிய பெண்கள், வளர்ந்த பிறகும் வேறொரு வகைக் குரங்குப் பெடலையே ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது. 'லேடீஸ் சைக்கிள்' என்ற வண்டி பெண்ணின் உடலை அளந்து செய்யப்பட்டதல்ல. அவள் உடையை அளந்து செய்யப்பட்டது.

இன்றைய சைக்கிளின் வடிவம் 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செய்த 'ரோவர்' வண்டியோடு நிலைபெற்றது. ஒரே அளவை ஒட்டிய இரண்டு சக்கரங்கள், பின்சக்கரத்தைச் சுழற்ற ஒரு சங்கிலி. 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தார். அதற்குமுன் ஆளுயரச் சக்கரத்தின்மேல் ஏறி உட்கார்ந்து ஓட்டிய வண்டி, சாமானியர் ஏறக்கூடியதாக மாறியது. பெண்களும் ஏறினார்கள். உடனே ஒரு பிரச்சினை எழுந்தது: தரை தொடும் பாவாடையோடு பாரைத் தாண்டிக் காலைப் போடுவது எப்படி?

தயாரிப்பாளர்கள் பாரை எடுத்துக் கீழே இறக்கினார்கள். பின்சக்கரத்தில் துணி சிக்காமலிருக்க வலை கட்டினார்கள், சங்கிலிக்கு மூடி போட்டார்கள். பாவாடைக்குப் பொருந்திய இந்த ஏற்பாட்டுக்கு வேறொரு விலை இருந்தது. சட்டகத்தின் முக்கோணம் உடைந்தால் அதன் உறுதி குறையும், அதை ஈடுகட்டக் கனத்த குழாய்கள் தேவைப்படும். ஆகவே பெண்ணுக்கென்று செய்த வண்டி ஆணின் வண்டியைவிடக் கனமாகவும் மெதுவாகவும் ஆனது. அவள் கை எவ்வளவு நீளம், தோள் எவ்வளவு அகலம், இடுப்பெலும்புகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி என்று யாரும் அளக்கவில்லை.

1954 வரை நம் ஊரை ஆண்ட பிரான்சில் உடைக்கும் சைக்கிளுக்குமான உறவு சட்டமாகவே எழுதப்பட்டிருந்தது. 1800ஆம் ஆண்டின் பாரிஸ் போலீஸ் ஆணைப்படி, கால்சட்டை அணிய விரும்பும் பெண் போலீசிடம் அனுமதி பெற வேண்டும். 1892இலும் 1909இலும் அந்த ஆணை தளர்த்தப்பட்டது. எந்த அளவுக்கு? பெண்ணின் கையில் சைக்கிளின் கைப்பிடியோ குதிரையின் கடிவாளமோ இருந்தால் கால்சட்டை அணியலாம் என்ற அளவுக்கு. இறங்கி நடந்தால் குற்றம். இனி அது செல்லாது என்று பெண்கள் உரிமைகளுக்கான அமைச்சர் அறிவித்தது 2013இல்தான். அது பாரிஸ் நகரத்து ஆணை. நம் பாட்டிகளின் உடைக்கும் நடமாட்டத்துக்குமான சட்டங்களை இங்கே யாரும் எழுதிவைக்க வேண்டியிருக்கவில்லை.

1890களின் மருத்துவர்களுக்கு வேறு கவலைகள். சைக்கிள் ஓட்டினால் பெண்ணின் முகம் இறுகிக் கோணிவிடும் என்று எச்சரித்து, அதற்குச் 'சைக்கிள் முகம்' என்று பெயரும் வைத்தார்கள். சீட் பற்றிய கவலை இன்னும் பெரியது. அது பெண்ணுக்குக் கிளர்ச்சி தரலாம் என்று அஞ்சி, நடுவில் பள்ளமோ இடைவெளியோ விட்ட 'சுகாதார' சீட்டுகளை விற்றார்கள். அவளுக்கு வலிக்கிறதா என்ற கேள்வி, அவளுக்கு இன்பம் வந்துவிடுமோ என்ற பயத்துக்குப் பின்னால் காணாமல் போனது. நூறு ஆண்டுகள் கழித்து, 1990களில், அதே நடுப்பள்ளம் பெண்களின் சீட்டில் மீண்டும் வந்தது. இம்முறை வலியைக் குறைக்க.

புதுச்சேரி சைக்கிளுக்கென்றே போட்டது போன்ற ஊர். மேடு கிடையாது, வாய்க்காலுக்குக் கிழக்கே தெருக்கள் கோடு கிழித்ததுபோல் நேராகக் கடலுக்குப் போகும். மாலையில் கடற்கரைச் சாலையில் மோட்டார் வண்டிகளை நிறுத்திவிடுவார்கள். ஆசிரமப் பகுதியில் நரைத்த தலையோடு சைக்கிளில் போகும் பெண்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். சைக்கிள் ஓட்டும் பெண்ணை வேடிக்கை பார்ப்பது இங்கே வெளியூர்க்காரர்களின் பழக்கம். ஆனாலும் இங்கே பெண்கள் ஓட்டியது பெரும்பாலும் அதே பார் இறக்கிய வண்டி. வேலைக்கும் கடைக்கும் பள்ளிக்கும் அது போதும். அதைத் தாண்டிப் போக நினைத்தால் போதாது.

அந்த 'ஜென்ட்ஸ்–லேடீஸ்' பிரிவினையை இந்தியாவில் மிகப் பெரிய அளவில் கலைத்துப் போட்டவர்கள் நமக்குத் தெற்கே புதுக்கோட்டையில் இருந்தார்கள். 1989 தொடங்கி எர்ணாகுளத்திலும் புதுச்சேரியிலும் நடந்த எழுத்தறிவு இயக்கங்களின் தொடர்ச்சியாக, 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தோடு சைக்கிளையும் பாடத்தில் சேர்த்தார். பெண் தொண்டர்கள் ஊர் ஊராகப் போக வேண்டும், பேருந்தோ குறைவு, கணவனோ அண்ணனோ கொண்டுபோய் விடும்வரை காத்திருக்க முடியாது என்பது எளிய காரணம். வங்கிகள் பெண்களுக்குச் சைக்கிள் கடன் கொடுத்தன. விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், பால்வாடி ஊழியர்கள், கிராமச் செவிலியர்கள் என்று ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். ஏச்சும் கேலியும் இருந்தன. ஓட்டினார்கள்.

அவர் பதிவில் என்னை நிறுத்திய செய்தி ஒன்று உண்டு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பெண்கள் ஆண்களின் வண்டியை எடுத்தார்கள். பிறகு சிலர் அதையே விரும்பினார்கள். காரணம், அந்த பார். அதன்மேல் குழந்தையை உட்கார வைக்கலாம்.

ஐரோப்பாவில் பெண்ணுக்கு இடைஞ்சல் என்று எடுத்த கம்பி, புதுக்கோட்டையில் ஒரு தாய்க்குத் தேவையான கம்பி ஆனது. பெண்ணுக்கு எது பொருந்தும் என்பதை அவளைக் கேட்காமல் முடிவு செய்ய முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. அதே நேரம், அந்த ஆண் வண்டியும் ஐந்தடிப் பெண்ணுக்கு அளவெடுத்ததல்ல. கிடைத்ததை வைத்து அவர்கள் உலகத்தை விரித்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். வண்டி செய்பவர்களின் பொறுப்பு அதனால் தீர்ந்துவிடாது.

அந்தப் பொறுப்பைக் கையில் எடுத்த ஒருவர் அமெரிக்காவின் ஜார்ஜினா டெர்ரி, இயந்திரப் பொறியாளர். நீண்ட தூரம் ஓட்டும் பெண்கள் கழுத்து வலிக்கிறது, தோள் வலிக்கிறது, கை மரத்துப்போகிறது என்று சொன்னபோது, பெண்களுக்குப் பலம் போதவில்லை என்று அவர் முடிவு கட்டவில்லை. சட்டகத்தை அளந்தார். சீட்டிலிருந்து கைப்பிடி மிகத் தொலைவில் இருந்தது. வழக்கமான சக்கரத்தை வைத்துக்கொண்டு அந்தத் தொலைவைக் குறைத்தால், வண்டி திரும்பும்போது கால் முன்சக்கரத்தில் இடிக்கும். அதனால் முன்சக்கரத்தை மட்டும் 24 அங்குலமாகச் சிறியதாக்கினார். 1985இல் தன் பெயரிலேயே நிறுவனம் தொடங்கினார். ரோவர் வந்து சரியாக நூறு ஆண்டுகள் கழித்து.

என் உயரம் 154 செ.மீ. இந்தியப் பெண்களின் சராசரியை ஒட்டியதுதான். பாகூர் ஏரிவரை, பிறகு ஈ.சி.ஆரில் மரக்காணம்வரை போய்வர ஆசைப்பட்டு, வளைந்த கைப்பிடியும் மெல்லிய டயரும் கொண்ட ரோடு பைக் தேடினேன். தேடிய மூன்று மாதமும் தோழி ஒருத்தியின் அண்ணனுடைய வண்டியை ஓட்டினேன். அளவு 54. இருபது கிலோமீட்டரில் சுண்டுவிரல் மரத்துப்போகும். கழுத்து இறுகும். தொடைகளுக்கு நடுவே வீங்கி, இரண்டு நாள் உட்கார முடியாது. இந்த மூன்றாவது வலியை யாரிடமும் சொல்ல முடியவில்லை. முதலிரண்டைச் சொன்னதற்கு ஒரு மருத்துவர், "இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம், வாக்கிங் போங்களேன்" என்றார். கடைகளிலும் அதே 54ஐத்தான் முன்னால் தள்ளினார்கள். "சீட்டை எறக்கிட்டா செட் ஆயிடும் மேடம்" என்றார் ஒரு கடைக்காரர். இன்னொருவர் கூடை வைத்த வண்டியைக் காட்டினார்.

சீட்டை இறக்கினால் தரை எட்டும். கைப்பிடி அதே தொலைவில்தான் இருக்கும். இந்த ஒரு விஷயம் புரிந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. வண்டி வாங்கப் போகும் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன்.

சுவரோடு ஒட்டி வெறுங்காலில் நின்று, ஒரு தடித்த புத்தகத்தைத் தொடைகளுக்கு நடுவே மேலே அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்புவரை அளந்தால் உங்கள் உள்கால் நீளம் கிடைக்கும். அதை 0.883ஆல் பெருக்கினால், பெடல் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்புவரை இருக்க வேண்டிய உயரம் ஏறக்குறைய வரும். உள்கால் 72 செ.மீ. என்றால் சுமார் 63.5. சரிபார்க்க, குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை மிதியுங்கள். கால் நீண்டு நிற்க வேண்டும். முன்பாதத்தை வைக்கும்போது முட்டி லேசாக மடங்கும்.

பிறகு முன்னால் எட்டும் தொலைவு. சட்டகத்தின் மேல் ஒட்டியிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம்; ஒரு நிறுவனத்தின் 48 இன்னொன்றின் 50ஆக இருக்கும். பெடல் அச்சிலிருந்து கைப்பிடிக் குழாயின் தலைவரை கிடைமட்டமாக எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள். அது அளவு அட்டவணையில் இருக்கும். ஓட்டிப் பார்க்கும்போது முழங்கை சற்று மடங்கியிருக்க வேண்டும், தோள் காதை நோக்கி ஏறக் கூடாது. கைப்பிடியின் அகலம் உங்கள் தோள் அகலத்தை ஒட்டியிருக்கட்டும். பிரேக் நெம்புகோலைக் கைக்கு அருகில் கொண்டுவர அநேக வண்டிகளில் ஒரு சிறு திருகாணி இருக்கும். விரல் எட்டாத பிரேக் ஆபத்து. சீட்டின் அகலம் இடுப்பின் பருமனைப் பொறுத்ததல்ல, உட்காரும் எலும்புகள் இரண்டுக்கும் இடையிலான தூரத்தைப் பொறுத்தது. மெத்தென்ற சீட்டில் எலும்பு அமிழ்ந்து, பாரம் மென்மையான இடத்துக்கு மாறும். வலிக்கு மெத்தை மருந்தல்ல.

இவையெல்லாம் இருந்தும், 'பெண்களுக்கான வண்டி' என்று எழுதியிருந்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. பெண்களுக்குக் கால் நீளம், மேலுடல் குட்டை என்ற பொது விதி நெடுநாள் விளம்பரங்களில் ஓடியது. பிறகு சேர்ந்த உடல் அளவுகள், பெண்ணுக்கும் ஆணுக்கும் இடையிலான வேறுபாட்டைவிட ஒரு பெண்ணுக்கும் இன்னொரு பெண்ணுக்கும் இடையிலான வேறுபாடு பெரிது என்று காட்டின. பெரிய நிறுவனங்கள் சில தனிப் பெண் சட்டகத்தைக் கைவிட்டன. சிறிய அளவுகளை ஒழுங்காகச் செய்து கடைக்கு அனுப்பினால் அது நல்ல மாற்றம். அனுப்பாவிட்டால், 'எல்லோருக்கும் பொதுவானது' என்ற பெயரில் பழைய ஆணளவே திரும்பி வரும். எனக்குக் கடைசியில் பொருந்தியது, சென்னையிலிருந்து வரவழைத்த 47. அதில் 'பெண்' என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. மரக்காணம் போய்த் திரும்பிய அன்று மாலை சாதாரணமாக நாற்காலியில் உட்கார்ந்தேன்.

இது ரோடு பைக் வாங்க வசதியுள்ளவர்களின் கவலை மட்டுமல்ல. பீகாரில் 2006இல் பள்ளி மாணவிகளுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். உரிய வயதில் உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் 32 சதவீதம் கூடியதாக கார்த்திக் முரளிதரனும் நிஷீத் பிரகாஷும் செய்த ஆய்வு கண்டது. தமிழ்நாட்டிலும் விலையில்லாச் சைக்கிள்கள் லட்சக்கணக்கான பெண்களைப் பள்ளிக்குக் கொண்டுபோயிருக்கின்றன. அங்கும் பிரிவு இரண்டே: ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. ஒரே வகுப்பில் நாலரை அடிப் பெண்ணும் ஐந்தரை அடிப் பெண்ணும் இருக்கிறார்கள். தினம் பத்துக் கிலோமீட்டர் மிதிக்கும் பெண்ணின் முட்டி வலி யார் கணக்கிலும் வருவதில்லை.

ரவிக்கை தைக்கக் கொடுக்கும்போது அளவு ஜாக்கெட் இல்லாமல் நாம் கடைப்படி ஏறுவதில்லை. கை அரை இஞ்ச் இறுக்கமாக இருந்தால் திருப்பிக் கொடுத்துப் பிரிக்கச் சொல்கிறோம். அப்போது தையற்காரர் நம் கையைக் குறை சொல்வதில்லை, தையலைப் பிரிக்கிறார். அந்த உரிமை உணர்வோடு சைக்கிள் கடைக்கும் போக வேண்டும், அளவு நாடாவோடு.